ஃபேனுக்கு நேர் கீழே

என் அறை பத்துக்குப் பத்து. கூரையும் பத்தடி உயரம்தான். வீடு வாங்கியபோது வாஸ்து பார்க்க வந்தவர் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "நல்ல சதுரம் சார், ரொம்ப விசேஷம்" என்றார். பாட்டுப் பதிவு பண்ணுகிறவனுக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது என்று எனக்குத் தெரிய வந்தபோது ஹோம் லோன் தவணை ஓட ஆரம்பித்திருந்தது.

பகலில் ஆபீஸ், ராத்திரி சங்கீதம் என்று பிழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். தெரிந்த பையன்கள் எடுக்கும் குறும்படங்களுக்குப் பின்னணி இசை போடுவேன். 1989இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டுப் பின்பக்கமே பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவைக் கட்டிக்கொண்டார் என்று படித்ததிலிருந்து, எனக்கும் வீட்டிலேயே ஸ்டுடியோ வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது வீடு ஒன்றுதான். என்னுடையது அதுவும் இல்லை, ஃப்ளாட்.

டேபிள், கம்ப்யூட்டர், மைக், ரெண்டு ஸ்பீக்கர், சுழல் நாற்காலி எல்லாம் வந்தன. நாற்காலியை எங்கே போடுவது என்று யோசிக்கவே இல்லை. சென்னை, மே மாசம். ஃபேனுக்கு நேர் கீழே போட்டேன். இந்த வரியை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சேர்ந்து அழுவோம்.

முதல் வேலையிலேயே ஒரு சிக்கல். பேஸ் கிடார் காதில் விழவே இல்லை. ஏற்றினேன். விழவில்லை. இன்னும் ஏற்றி, லேசாகக் கேட்கிற மாதிரி வந்ததும் திருப்தியாக அனுப்பிவிட்டேன். மறுநாள் டைரக்டர் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, மியூசிக் பிரமாதம். கார்ல போட்டேன், டோர்ல இருந்த ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சு." என்ன கார் வைத்திருக்கிறாய் தம்பி என்று அவனையே கேட்டேன்.

ஸ்பீக்கர் சின்னது, அதுதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். அஞ்சு இன்ச்சை விற்று எட்டு இன்ச் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைக்காரர், "ரூம் சைஸ் என்ன சார்?" என்று கேட்டார். ஸ்பீக்கர் வாங்க வந்தவனிடம் ரூமைப் பற்றி இவருக்கு என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். புது ஸ்பீக்கரிலும் பேஸ் கேட்கவில்லை. முன்பைவிட அதிக வாட்ஸில் கேட்கவில்லை.

அடுத்தது ஃபோம். கறுப்பும் சிவப்பும், கூம்புக் கூம்பாக, ஒரு இன்ச் தடிமன். பாட்டு வீடியோ போடுகிற எல்லார் முதுகுக்குப் பின்னாலும் அதுதானே தெரிகிறது! பார்சலில் காற்றை உறிஞ்சி அழுத்தி அனுப்பியிருந்தார்கள். உப்பட்டும் என்று தண்ணீர் தெளித்து மொட்டைமாடியில் பரப்பினேன். கொஞ்சத்தைக் காக்கா கூடு கட்டத் தூக்கிப் போய்விட்டது. மிச்சத்தை டபுள் சைட் டேப்பில் ஒட்டினேன். ராத்திரியெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தது. தனியாக விழவில்லை, சுவர் பெயின்ட்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு விழுந்தது.

விழாமல் நின்றவற்றாலும் பிரயோஜனமில்லை. ஒரு இன்ச் ஃபோம் உருப்படியாகத் தின்பது ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைத்தான். ஜால்ராவின் பளபளப்பு, குரலில் இருக்கும் காற்று எல்லாம் போயிற்று. கீழே இருக்கும் முழக்கம் ஃபோமைக் கண்டுகொள்ளவே இல்லை. பதிவு பண்ணிய என் குரலைக் கேட்டால் சளி பிடித்தவன் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. எனக்குச் சளியும் இல்லை, எங்கள் வீட்டில் கம்பளியும் இல்லை.

அப்போதுதான் வாலஸ் கிளெமென்ட் சபின் என்கிற மகானைப் பற்றிப் படித்தேன். 1895இல் ஹார்வர்டில் ஃபாக் மியூசியத்தின் புது லெக்சர் ஹாலில் ஒரு வார்த்தை பேசினால் அது அடங்க ஐந்தரை நொடி பிடித்ததாம். வாத்தியார் அடுத்த வரிக்குப் போன பிறகும் முந்தின வரி ஹாலைச் சுற்றிக்கொண்டிருக்கும். இதைச் சரிபண்ணும் வேலை இளம் பௌதிக ஆசிரியரான சபின் தலையில் விழுந்தது. அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் சீட் மெத்தைகளை ராத்திரியில் ஆள் வைத்துத் தூக்கிவந்து பரப்பினார். ஒரு ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் சாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச்சில் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகள் தியேட்டருக்குத் திரும்பிவிடும். கட்டட ஒலியியல் என்கிற சாஸ்திரமே அந்த மெத்தைகளில் பிறந்ததுதான். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் அவர் போட்டுக்கொடுத்த கணக்கு.

அன்றைக்கே நானும் வீட்டு மெத்தைகளை அறைக்குள் கடத்தினேன். எதிரொலி குறைந்தது உண்மை. மனைவியும் பிள்ளையும் வெறும் தரையில் படுத்ததும் உண்மை. விடியற்காலையில் நடந்த விசாரணைக்குப் பிறகு ஒரு விஷயத்தைத் தேடிப் பார்த்தேன். சபின் கல்யாணம் பண்ணிக்கொண்டது 1900இல். மெத்தை ஆராய்ச்சியெல்லாம் அதற்கு முன்னால்.

அந்த பேஸ் முழக்கத்தை அடக்க ராக்வுல்தான் மருந்து என்று படித்ததெல்லாம் ஒரே குரலில் சொன்னது. பாறையை உருக்கி இழையாக்கிய கல் பஞ்சு. பாய்லர், ஏசி டக்ட், ஃபேக்டரி கூரை இவற்றுக்குச் சுற்றுகிற சமாச்சாரம். விற்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி வேண்டும் என்று மிடுக்காகக் கேட்டேன்.

"எந்த ஃபேக்டரி சார்?"

"ஃபேக்டரி இல்லைங்க. பெட்ரூம்."

"பெட்ரூம்ல பாய்லரா?"

"இல்லைங்க, பேஸ்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு முழுப் பணத்தையும் அட்வான்ஸாகக் கேட்டார்.

பேனல் செய்வது சுலபம். மரச்சட்டம், உள்ளே ராக்வுல் ஸ்லாப், மேலே துணி, அவ்வளவுதான். இதற்குப் போய்க் கார்பெண்டரா என்று நானே ரம்பத்தைக் கையில் எடுத்தேன். ஸ்லாப் 2 அடிக்கு 4 அடி. ஆகவே சட்டமும் 2க்கு 4 என்று அறுத்தேன். முக்கால் இன்ச் பலகை ரெண்டு பக்கமும் சேர்ந்து உள்ளே ஒன்றரை இன்ச்சைத் தின்றுவிடும் என்பது, எல்லாச் சட்டத்துக்கும் ஆணி அடித்து முடித்த பிறகு உறைத்தது. ஸ்லாபைத்தான் நறுக்கியாக வேண்டும். சமையலறையிலிருந்த பிரெட் கத்தி அதற்குப் பிரமாதமாக உதவியது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பிரெட் வாங்குவதில்லை.

மூலைமட்டம் வைத்துப் பார்த்ததில் ஒரு மூலைகூட 90 டிகிரிக்குச் சம்மதிக்கவில்லை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்ததால் ஸ்டைல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ராக்வுல்லை வெட்டும்போது முழுக்கைச் சட்டை, கையுறை, மாஸ்க், கண்ணாடி எல்லாம் வேண்டும் என்று படித்திருந்தேன். படித்தது ஏசி ரூமில் உட்கார்ந்து. வெட்டியது மொட்டைமாடியில், பனியனும் லுங்கியுமாக. கண்ணுக்குத் தெரியாத அந்த இழை எங்கெங்கே போகும் என்பதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. உடம்பு அரித்ததும் வெந்நீர் போட்டு, பீர்க்கங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் குளித்தேன். பச்சைத் தண்ணீரைத் தேய்க்காமல் ஊற்றி இழையைக் கழுவிவிட வேண்டுமாம். நான் ஒவ்வொன்றையும் நன்றாக உள்ளே ஏற்றியிருந்தேன்.

அதோடு விட்டேனா? லுங்கியை வாஷிங் மெஷினில் போட்டேன். வீட்டுத் துணிகளோடு சேர்த்து. மறுநாள் மனைவி ஆபீஸில், பையன் ஸ்கூலில், நான் பஸ்ஸில், ஆளுக்கொரு மூலையில் நின்று சொறிந்தோம். எங்கள் குடும்பத்தில் இவ்வளவு ஒற்றுமை அதற்கு முன் இருந்ததில்லை.

பேனலுக்குச் சுற்றும் துணி காற்று போகிற துணியாக இருக்க வேண்டும். ரெக்ஸின் மாதிரி மூடினால் மேல் ஸ்தாயி பட்டுத் திரும்பிவிடும். வாயை வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், அதுதான் டெஸ்ட். பாரிமுனை கோடவுன் தெருவில் ஒரு கடையில் தானைத் தானாக எடுத்து ஊதிப் பார்த்தேன். "சூடாவா சார் இருக்கு?" என்றார் கடைக்காரர். கடைசியில் காடா துணி கிழித்துக் கொடுத்தார். நான் வாய் வைத்த மற்றத் துணிகளை என்ன செய்தாரோ, பாவம்.

பேஸை விழுங்கும் பேஸ் டிராப்பை வைக்க வேண்டியது மூலையில். தாழ்ந்த ஸ்தாயியின் அழுத்தம் அங்கேதான் போய்க் குவியும். ஸ்லாபை முக்கோணமாக வெட்டித் தரையிலிருந்து கூரை வரை அடுக்க வேண்டும். ஒரு ஸ்லாபில் நாலு முக்கோணம்; 2 இன்ச் தடிமனுக்குப் பத்தடி உயரம் அடுக்க 60 முக்கோணம்; ஆக மூலைக்கு 15 ஸ்லாப். அறைக்கு நாலு மூலை இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். வாயு மூலையில் பாத்ரூம் கதவு. கன்னி மூலையில் பீரோ, அதை அசைக்கக் கூடாது. ஈசானிய மூலையில் துரும்புகூட வைக்கக் கூடாது என்பது அம்மாவின் ஆணை. மிஞ்சியது அக்னி மூலை. ஆயிரம் டிகிரியைக்கூடத் தாங்குகிற கல் பஞ்சை அங்கே அடுக்கியதில் அம்மாவுக்குப் பரம திருப்தி. இந்த ஸ்டுடியோவில் திருப்திப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

சுவரில் பேனலை எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு கண்ணாடி வித்தை உண்டு. நாம் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள, இன்னொருத்தர் சுவரை ஒட்டிக் கண்ணாடியை நகர்த்த வேண்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, சத்தம் பட்டுத் தெறித்து முதலில் நம் காதுக்கு வரும் இடம் அது. பையனைக் கண்ணாடி பிடிக்கச் சொன்னேன். அவன் தலை சீவிக்கொண்டே நகர்த்தினான். இடது பக்கம் ஸ்பீக்கர் தெரிந்த இடத்தில் கல்யாண போட்டோ இருந்தது. வலது பக்கம் சுவிட்ச்போர்டு. சுவிட்ச்போர்டை மாற்ற முடியாது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். போட்டோவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

எல்லாம் மாட்டி முடித்ததும் அளந்து பார்க்க ஆசை வந்தது. ரூம் ஈக்யூ விஸார்ட் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். இருபது ஹெர்ட்ஸில் தொடங்கி இருபதாயிரம் வரை ஒரே இழுப்பாக ஒரு சத்தத்தை ஓட்டி, மைக்கில் பிடித்து கிராஃப் போட்டுக் கொடுக்கும். கீழ்வீட்டு நாய் தெருவுக்கு ஓடியது. விவரம் தெரிந்த நண்பன் ஒருத்தனிடம் கிராஃபைக் காட்டினேன். "பரவாயில்லையே, பேனல் மாட்டறதுக்கு முன்னாடி எடுத்த கிராஃப் எங்கே?" என்றான். பேச்சை மாற்றினேன்.

அவன் விடவில்லை. கிராஃபில் 57 ஹெர்ட்ஸ் பக்கம் கிணறாக இறங்கியிருந்த பள்ளத்தில் விரல் வைத்தான். சத்தம் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது; 57 ஹெர்ட்ஸுக்கு ஒரு அலை ஆறு மீட்டர், அதாவது இருபதடி. அதில் பாதி பத்தடி, ரெண்டு சுவருக்கு நடுவில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். சுவரோரம் முழங்கும், நட்ட நடுவில் ஒன்றுமே இருக்காது. நீளமும் அகலமும் உயரமும் வேறு வேறாக இருந்தால் ஆளுக்கொரு ஸ்வரத்தில் தொந்தரவு கொடுக்கும். என் அறையில் மூன்றும் கூடிப் பேசி ஒரே இடத்துக்கு வந்திருந்தன. பேஸ் கிடாரின் ஏ ஸ்ட்ரிங்கை ஓபனாக மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். என் டியூன்களில் பாதி ஏ மைனர்.

"இதை பேனலால அடக்க முடியாதா?" என்றேன். "முடியும். கால் அலை தடிமன் போடணும்" என்றான். கால் அலை என்றால் அஞ்சடி. இந்தச் சுவரில் அஞ்சடி, எதிர்ச் சுவரில் அஞ்சடி. கணக்கில் நான் நிற்க இடமில்லை.

பிறகு அவன் எழுந்து, என்னை உட்காரவைத்தே நாற்காலியை முன்னால் தள்ளினான். முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத்தில் ஆரம்பித்துப் பார் என்பது இந்தத் தொழிலில் ஒரு பழைய வழக்கம். எனக்கு அது மூணே முக்கால் அடி சொச்சம். பாட்டைப் போட்டான். பேஸ் கிடார் வந்தது. செலவு பூஜ்யம். ஃபேன் காற்று மட்டும் பின்னால் காலி இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

பேனல்கள் தண்டமில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கைதட்டினால் சுவருக்குச் சுவர் கிணுகிணுவென்று ஓடியது நின்றுவிட்டது, குரல் சுத்தமாகப் பதிவாகிறது. கீழ்வீட்டு மாமாவைப் படியில் பார்த்தபோது, இனிமேல் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது என்று பெருமையாகச் சொன்னேன். "நானே சொல்லணும்னு இருந்தேன் தம்பி. இப்போ எங்க வீட்டுல ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாத் தெளிவாக் கேக்குது" என்றார். அறைக்குள் எதிரொலியை உறிஞ்சுவது வேறு, சத்தம் வெளியே போகாமல் தடுப்பது வேறு. ரெண்டாவதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும். என் கதவுக்கடியில் தினமும் பேப்பர் நுழைகிறது.

நீங்களும் வீட்டில் ஸ்டுடியோ போடுகிற யோசனையில் இருந்தால், என் லாஃப்டில் கொஞ்சம் ராக்வுல் மிச்சமிருக்கிறது. காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள். துணி துவைக்க என் வீட்டு மெஷினை மட்டும் கேட்காதீர்கள்.