ஸ்டிக்கர் விசுவாசம்

கேள்வி: பைக்கில் வசன ஸ்டிக்கர், ரிங்டோனில் கீர்த்தனை, ஞாயிறு தவறாமல் ஆராதனை. முழு மனதோடு விசுவாசத்தில் வாழ எனக்கு இன்னும் என்ன பாக்கி?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பைக் இரட்சிக்கப்பட்டாயிற்று, பாக்கி ஓட்டுகிறவர்தான்.

ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனரிக் குடும்பத்துப் பெண். ஆனாலும் 'இந்தியாவும் வேண்டாம், ஊழியமும் வேண்டாம்' என்று அமெரிக்கா திரும்பத் துடித்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். மனைவிக்குப் பிரசவச் சிக்கல். பெண்தான் வந்து பார்க்க வேண்டும். மருத்துவரான அப்பா கிளம்பத் தயார். 'ஆம்பளை டாக்டர் கூடாது' என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் பிழைக்கவில்லை. ஐடா மருத்துவம் படிக்கக் கப்பலேறினார். 1899-ல் கார்னெல் பட்டம். 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு சிகிச்சை. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதெல்லாம் வளர்ந்துதான் இன்றைய சி.எம்.சி.

'எங்கே அனுப்பினாலும் போகிறேன் ஆண்டவரே' என்று நாமும்தான் ஜெபிக்கிறோம். கூடவே போஸ்டிங்கை மட்டும் சொந்த ஊரில் கேட்டுவிடுகிறோம்!