காதுள்ளவன் விண்ணப்பம்

அனுப்புநர்:
ஒரு சந்தாதாரர்,
மயிலாப்பூர், சென்னை – 4.

பெறுநர்:
உள்ளடக்கத் தேர்வுக் குழுத் தலைவர் அவர்கள்,
பெயர் சொல்லாமல் விடப்படும் ஒலிநூல் நிறுவனம்.

பொருள்: கதையல்லாத நூல்களும் தமிழ்க் காதுக்குள் நுழைய அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் செயலியின் 'உங்களுக்காகவே' பக்கம்.

ஐயா / அம்மையீர்,

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலையில் நடப்பவர்களில் அடியேனும் ஒருவன். காதில் தாங்கள். அமிர்தாஞ்சன் தந்தவர் பெயரையே பூங்காவுக்கு வைத்தவர்களின் தீர்க்கதரிசனம், தங்களுக்குச் சந்தா கட்டிய பிறகுதான் விளங்கியது.

தமிழனைப் பற்றித் தங்கள் குழு கண்டறிந்திருக்கும் உண்மையை முதலில் பாராட்டிவிடுகிறேன். அவனுக்குக் காது இரண்டு. ஒன்று சோழ நாட்டுக்கு, மற்றது சுடுகாட்டுக்கு. நடுவில் இடம் மிச்சமிருந்தால் முப்பதே நாளில் கோடீஸ்வரன் ஆவது எப்படி. வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருவதை ஆண் குரல், பெண் குரல், இயந்திரக் குரல் என்று எல்லாவற்றிலும் கேட்டாயிற்று. கல்கி 'பொன்னியின் செல்வன்' தொடரை முடித்தது 1954-இல். குதிரையை இன்னும் அவிழ்த்துவிடவில்லை. 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் அதற்குக் கொள்ளுச் செலவும் கிடையாது என்பது புரிகிறது.

போன வாரம் தங்கள் தேடல் பெட்டியில் மா. கிருஷ்ணன் என்று தட்டினேன். ராதாகிருஷ்ணன் சாலை எட்வர்ட் எலியட்ஸ் சாலையாக இருந்த காலத்தில் அங்கே வாழ்ந்த இயற்கையியலாளர்; அ. மாதவையாவின் மகன். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-இல் தொடங்கிய பத்தியை 1996 பிப்ரவரியில் கண்மூடும் வரை எழுதியவர். கண்ட கண்ட பாகங்களைச் சேர்த்துத் தாமே கட்டிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் சூட்டி, அதைத் தூக்கிக்கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். தமிழிலும் எழுதினார், தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' புத்தகமாகவே இருக்கிறது. தங்கள் செயலி தந்தது என்ன? பகவத் கீதை உபன்யாசம், வெண்ணெய் திருடிய கண்ணன் (மூன்று வயதுக்கு மேல்), புல்லாங்குழல் தியானம். சரி, 'யானை' என்று போட்டேன்; விநாயகர் அகவல் வந்தது. 'குயில்' என்றேன், சினிமாப் பாட்டு.

ஆனால் 'இயற்கை' என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறீர்கள், மறுக்கவில்லை. திறந்தால் மழைச் சத்தம். எட்டு மணி நேரம். தூங்குவதற்காம். 2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்த ஊர் இது. இங்கே இரவு முழுக்க மழைச் சத்தம் கேட்டால் எழுந்து மோட்டார் ஸ்விட்சை அணைப்பார்களே தவிரத் தூங்கமாட்டார்கள்.

உ.வே.சாமிநாதையரையும் தேடினேன். அவர் பெயரிலான நூல்நிலையம் பெசன்ட் நகரில் இருக்கிறது, தங்கள் குழுவினர் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகும் வழியில்தான். அவர் 1942-இல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தால் பதிப்புரிமை முடிந்தது. ஆக இங்கேயும் ஒரு பைசா ராயல்டி இல்லை. விறுவிறுப்பு போதாது என்று குழு கருதலாம். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவர், கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போய்க் கேட்டால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டாயிற்று என்று நிதானமாகச் சொல்கிறார்கள். இதைவிடப் பயங்கரமான காட்சி தங்கள் 'திகில்' பிரிவில் இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன். விளக்கை அணைத்துவிட்டே கேட்கிறேன்.

'சிந்தனை' பிரிவுக்கு வருகிறேன். அமெரிக்கச் சுயமுன்னேற்ற நூல் ஒன்று. "உன் வசதி வட்டத்தை விட்டு வெளியே வா" என்று ஒரு குரல் அதட்டியது. நான் அப்போது 5பி பேருந்தில், பனகல் பார்க்கில் இறங்க வழி தெரியாமல் நான்கு துணிக்கடைப் பைகளுக்கு நடுவே நின்றிருந்தேன். வசதி வட்டமா! இன்னொரு நூலை இயந்திரம் வாசித்தது. 'கி.மீ.' என்பதை ஏதோ பெண் தெய்வத்தின் பெயரைப்போல் 'கீமீ' என்றது. சிறிது நேரத்தில் "பக்கம் நாற்பத்திரண்டில் உள்ள வரைபடத்தைக் காண்க" என்று கட்டளையிட்டது. காண்கிறேன், எங்கே காட்டுங்கள். மனிதர் வாசித்தால் மட்டும் வாழ்ந்துவிடுகிறதா? அவருக்குப் பழுவேட்டரையர் பழக்கம் போகவில்லை. சீவக சிந்தாமணி 1887-இல் அச்சேறியது என்பதைக்கூடப் போர்முழக்கமாக அறிவிக்கிறார். பின்னால் உறுமி மேளம் வேறு.

தென்கச்சி கோ. சுவாமிநாதனைத் தங்கள் குழுவில் யாராவது கேட்டதுண்டா? வானொலியில் 'இன்று ஒரு தகவல்'. மேளம் இல்லை, ஏற்ற இறக்கம்கூட இல்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசும் குரல். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்கமாட்டார். பல் துலக்கிக்கொண்டே தமிழ்நாடு அதைக் கேட்டது. கிரீன்வேஸ் சாலை வசந்த விஹாரில் ஜே. கிருஷ்ணமூர்த்தி பேசினார், 1986 ஜனவரி 4-இல் அவருடைய கடைசிப் பொதுப் பேச்சும் அங்கேதான். அவர் பேச்சில் கதை இல்லை, சாமி இல்லை, கோடீஸ்வரன் ஆகவும் வழி இல்லை. இருந்தும் கூட்டம் வந்தது. எங்கள் பேட்டை சபாக்களில் ஒற்றைச் சுலோகத்துக்கு முக்கால் மணி நேரம் பொருள் சொல்வார்கள். உட்கார்ந்து கேட்டுவிட்டு, வெளியே வந்து காபியோடு அதை மறுத்தும் பேசுவார்கள்.

இதையெல்லாம் தங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். தமிழ் நேயர்கள் கனமான விஷயங்களை விரும்புவதில்லை என்று தரவு சொல்கிறதாம். போடாத அடையை யாரும் கேட்கவில்லை என்று சரக்கு மாஸ்டர் கணக்கு எழுதிய மாதிரி இருக்கிறது, ஐயா.

ஆகவே, மா. கிருஷ்ணனின் குடும்பத்தாரை அணுகி முறையாக உரிமை பெற்று, தொண்டையைச் செருமாமல் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அமர்த்தி, உறுமிக்காரருக்கு ஊதியத்துடன் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலுக்கு அவசரமில்லை. சந்தாவைத்தான் முதல் தேதி பிறந்ததும் தாங்களாகவே எடுத்துக்கொள்கிறீர்களே.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காதுள்ள சந்தாதாரர்.