ஓசிப் பேய்

"டேய், அதைத் தூக்கிப் போடாத, வேணும்" என்ற குரல் அக்டோபர் முதல் வாரத்திலேயே கேட்க ஆரம்பித்துவிடும். நீங்கள் கையில் வைத்திருப்பது குக்கர் வந்த வெறும் அட்டைப்பெட்டி. அதைக் குப்பையில் சேர்க்க மூன்று மாடி இறங்கத் தயாராகிச் செருப்புகூடப் போட்டுவிட்டீர்கள். நம்மாள் சோபாவில் படுத்தபடியே தடுத்துவிடுவான். அதற்கப்புறம் அந்தப் பெட்டி ஹாலின் நடுவில் குடியேறிவிடும். அடுத்த வாரம் அதன் தலையில் இன்னொரு பெட்டி. பிறகு முட்டை அட்டை, காலி பால் கேன், பீட்ஸா டப்பாவில் எண்ணெய் படாத பாதி. ஊரே வேஷம் கட்டும் ஹாலோவீன் என்னவோ 31-ஆம் தேதிதான். மாதம் முழுக்கக் கால் வைக்க இடமில்லாமல் சுவரோரமாக நடந்தது நாங்கள்.

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போனவர்களுக்கு இவனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. நாலு பேர் சேர்ந்து பிடித்த வீட்டில் ஒருவன் இவனாகத்தான் இருப்பான். எங்கள் ஒஹாயோ வீட்டிலிருந்தவனின் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது நல்ல வேலையில் இருக்கிறான், வீட்டில் பெண் பார்க்கிறார்கள்.

அமெரிக்கச் சில்லறை வணிகர் கூட்டமைப்பின் மதிப்பீட்டின்படி, 2023 ஹாலோவீனுக்கு அந்நாட்டு மக்கள் ஒதுக்கிய தொகை 1,220 கோடி டாலர். அதில் வேட உடைகளுக்கு மட்டும் 410 கோடி. அந்த 410 கோடியில் தன் காசு ஒரு சென்ட்கூடக் கிடையாது என்பதில் நம்மாளுக்கு இருக்கும் பெருமை, முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட இருந்ததில்லை. ஊரில் மூடிக்கிடக்கும் கடைகளை இரண்டு மாத வாடகைக்குப் பிடித்துத் திறக்கும் ஸ்பிரிட் ஹாலோவீன் என்ற வேட உடைக் கடைக்கு அவனும் வருவான். வாங்க அல்ல, வயிறெரிய. ஒவ்வொரு பையாகப் பிரித்துத் துணியைத் தடவிப் பார்ப்பான். "வெறும் பாலியஸ்டர்டா, அம்பது டாலராம்" என்பான். உடனே எண்பதால் பெருக்குவான். "நாலாயிரம் ரூபா! எங்க தெரு டெய்லர் இந்தக் காசுக்கு இந்தக் கடைக்கே உறை தச்சுக் கொடுப்பார்" என்று தமிழில் உரக்கச் சொல்வான். அட்டையில் உள்ள படத்தை நாலு கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, கதவைப் பிடித்த ஊழியருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வருவான்.

ஞானம் ஊரிலேயே பிறந்ததுதான். எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் பாரதியாராக நின்றவன். அப்பாவின் கறுப்புக் கோட்டு, அம்மாவின் கண்மையில் மீசை, பக்கத்து வீட்டுத் துண்டில் முண்டாசு. கவனியுங்கள், துண்டு பக்கத்து வீட்டுடையது. அன்றைக்குப் பிடித்த வழி.

நாலு பேர் வீட்டில் செலவுக் கணக்குக்கு ஸ்பிளிட்வைஸ் என்றொரு செயலி வைத்திருந்தோம். யார் எதை வாங்கினாலும் அதில் போட்டால் பங்கு பிரித்து, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று காட்டிவிடும். அரிசி, பால், மின்கட்டணம் என்று பதினோரு மாதம் ஒழுங்காகப் போகும் கணக்கு, அக்டோபரில் மட்டும் காவியமாகிவிடும். 'டக்ட் டேப், இரண்டு சுருள்: வீட்டுப் பராமரிப்பு.' எதைப் பராமரித்தோம்? கதவு இழுத்தால்தான் மூடும், அதன் பக்கம் ஒருவரும் போகவில்லை. 'அலுமினியம் ஃபாயில்: சமையல்.' அந்தச் சுருள் முழுக்க அவன் மார்பில் சுற்றியிருந்தது, அந்த வருடம் அவன் ரோபோ. 'சேஃப்டி பின்: முதலுதவி.' 'சோள சிரப், சிவப்பு கலர், கோகோ பவுடர்: சமையல்.' எங்கள் வீட்டில் யாரும் கேசரிகூடக் கிண்டியதில்லை. அந்த மூன்றையும் கலந்தால் ரத்தம் வரும். கோகோ கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் நேற்றைய ரத்தம் வரும். அதை நான் ரசம் வைக்கும் கிண்ணத்தில் கலக்கினான். அந்தக் கிண்ணத்தில் அப்புறம் வந்த ரசத்தையெல்லாம் யாரோ கொலை செய்துவிட்டு வைத்த மாதிரிதான் சாப்பிட்டோம்.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "கறுப்பு மார்க்கர் ஏன்டா 'கல்வி'ன்னு போட்டிருக்க?"

"மச்சான், மார்க்கர் கல்விக்குத்தானே?"

"அதுல உன் மூஞ்சியில பூனை மீசைதானே வரைஞ்ச?"

"மிச்சம் இருக்கே. நீ நோட்ஸ் எழுதிக்கோ."

அது நிரந்தர மை என்பதை அடுத்த வாரம் ஆராய்ச்சிக் குழுக் கூட்டத்தில் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். பேராசிரியர் ஒன்றும் கேட்கவில்லை, ஒவ்வொரு முறை நிமிரும்போதும் மீசையைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். இந்த மாதிரிச் சாமான் வாங்கும், எந்தப் பொருளும் ஒரு டாலராக இருந்த டாலர் ட்ரீ கடை, 2021-இல் விலையை 1.25 ஆக்கியதை அவன் இன்னும் துக்கச் செய்தியாகத்தான் பேசுவான். ஆனால் அந்த இருபத்தைந்து சென்ட்டில் அவன் பங்கு ஆறு சென்ட்தான். மிச்சத்துக்கு அழ வேண்டியவர்கள் நாங்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பார்ட்டியில் அவன் செய்வதைத்தான் பொறுக்க முடியாது. அங்கே யாரும் வாய் திறப்பதற்கு முன் விலையைச் சொல்லிவிடுவான். "என்ன வேஷம்?" என்று கேட்கக்கூட இடம் தர மாட்டான். "கெஸ் ஹவ் மச்!" என்பான். எதிரில் நிற்கும் அமெரிக்கப் பையன் மரியாதைக்கு "இருபது டாலர்?" என்பான். நம்மாள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுவான். சைபர்! அந்தப் பையன் "வாவ்" என்பான். பின்னால் கோக் டம்ளரோடு நிற்கும் நாங்கள் மூன்று பேரும், எங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட அந்தச் சைபரை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருப்போம்.

எதிர்த்து யாராவது வாயைத் திறந்தால் வேதம் எடுத்துவிடுவான். 1978-இல் வந்த 'ஹாலோவீன்' படம் அவனுடைய வேதம். இயக்குநர் ஜான் கார்ப்பென்டர். மொத்தப் பட்ஜெட்டே சுமார் 3 லட்சம் டாலர். கொலைகாரனுக்கு முகமூடி செய்யக் காசில்லை. ஹாலிவுட்டில் ஒரு கடையில் இரண்டு டாலருக்கும் குறைந்த விலையில் கேப்டன் கிர்க் முகமூடி ஒன்றை வாங்கினார்கள். 'ஸ்டார் ட்ரெக்' நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகம் அது. புருவத்தையும் கிருதாவையும் பிய்த்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை ஸ்ப்ரே அடித்தார்கள். உலகமே நடுங்கியது. "ரெண்டு டாலர்டா, ரெண்டு டாலர்" என்று முடிப்பான். கதை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கார்ப்பென்டரின் ஆட்கள் அந்த இரண்டு டாலரைத் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் என் போர்வையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது சென்னிமலைப் போர்வை. வெள்ளை, ஓரத்தில் நீலக்கரை. பெட்டிக்கு 23 கிலோதான் என்று விமானக் கம்பெனிக்காரன் சொன்னதற்காக, ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயைத் தியாகம் செய்துவிட்டு அம்மா உள்ளே திணித்தது. நான் லேபிலிருந்து திரும்பியபோது அதற்குக் கண் முளைத்திருந்தது. "பேய்னா வெள்ளைத் துணிதானேடா" என்றான். அவனுடைய போர்வை? அது கம்ஃபோர்ட்டராம், கனமாம், கத்தரி ஏறாதாம். கரை வைத்த பேய் ஒன்று அன்றிரவு ஒஹாயோவில் உலவியது. 1966-இல் வந்த சார்லி பிரவுன் ஹாலோவீன் கார்ட்டூனில் அந்தப் பையன் போர்வை முழுக்க ஓட்டை போட்டுக்கொண்டு நிற்பான், மற்றவர்களுக்கெல்லாம் மிட்டாய் விழும், அவன் பையில் மட்டும் கல் விழும். நம்மாள் இரண்டோடு நிறுத்தினான் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. ஒஹாயோவின் நவம்பர் என்னவென்று போர்வையில் ஓட்டை இருப்பவனுக்குத்தான் தெரியும். ஓட்டைப் பக்கத்தைக் காலுக்குப் போட்டால் பெருவிரல் இரண்டும் வெளியே வந்து விறைத்தன. தலைக்குப் போட்டால், இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தவன் என்னைப் பார்த்து அலறினான்.

ரோமானியன் ஆன வருடம் இன்னொரு அறைத்தோழனின் எட்டு முழ வேட்டி போயிற்று. 1978-இலேயே வந்த 'அனிமல் ஹவுஸ்' என்ற படத்துக்குப் பிறகு, படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு டோகா பார்ட்டி நடத்துவது அமெரிக்கக் கல்லூரி மாணவனின் பிறப்புரிமை ஆகிவிட்டது. விரிப்பை விட வேட்டி நன்றாக மடியும் என்பது நம்மாளின் கண்டுபிடிப்பு. ஒப்புக்கொள்கிறேன், நன்றாகத்தான் மடிந்தது. தோளில் தழைய விட்டு, தலையில் கறிவேப்பிலைக் கொத்தைச் செருகிக்கொண்டு (ஒஹாயோவில் கறிவேப்பிலை விற்கும் விலை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாம்) உள்ளே நுழைந்தான். வாசலிலிருந்த பையன் முகம் மலர்ந்து, "காந்தி!" என்றான். ஜூலியஸ் சீசர் அரை நொடிதான் யோசித்தார். கைகூப்பினார். இரவெல்லாம் பாதிப் பேருக்குச் சீசர், பாதிப் பேருக்குக் காந்தி. ஒரே ஓசியில் இரண்டு வேஷம் கிடைத்த சந்தோஷத்தில் திரும்பும் வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தான்.

பழனித் திருநீற்றை முகத்தில் அப்பிக்கொண்டு பிணமான கதையை விரிவாகச் சொல்லப்போவதில்லை. பேயை ஓட்டும் சாமானைப் பேயே பூசிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "தடுப்பூசி மாதிரிடா" என்றான்.

சிக்கனத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாதக் கடைசியில் வரும் உதவித்தொகையில் வாடகை போக மிஞ்சுவதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து வாழ்ந்தவர்கள்தான் எல்லோரும். குட்வில் என்ற பழைய சாமான் கடையில் அந்த வாரம் எந்த நிறச் சீட்டுக்குப் பாதி விலை என்று பார்த்து, கட்டம் போட்ட சட்டை ஒன்றை எடுத்து, கையில் வைக்கோல் செருகிச் சோளக்கொல்லை பொம்மையாக வந்த பெண்ணை நான் மதிக்கிறேன். 'தி ஆபீஸ்' தொடரின் 2005 ஹாலோவீன் எபிசோடில் ஜிம், மூன்று கறுப்புக் காகித வட்டத்தைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு பஞ்ச் அடித்த தாளாக வருவானே, அதையும் மதிக்கிறேன். அது மூளை. இவன் செய்ததற்குப் பெயர் மூளை அல்ல. செலவு எங்களுடையது, துணி எங்களுடையது, கிண்ணம் எங்களுடையது, கைதட்டல் மட்டும் அவனுடையது. தன் பையில் கை விடாதவனைக் கெட்டிக்காரன் என்று ஊர் கொண்டாடும்போது, அந்தப் பக்கத்தில் யாருடைய பை காலியானது என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

எரிச்சலை முழுசாக வைத்துக்கொள்ளவும் விடமாட்டான். கல்யாணமான மாணவர்களுக்கான குடியிருப்பில் எங்கள் சீனியர் அண்ணா ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். அவர் பெண்ணுக்கு ஐந்து வயது. பள்ளியில் எல்லோரும் இளவரசி உடை வாங்கிவிட்டார்கள் என்று அழுதுகொண்டிருந்தது. அண்ணாவின் ஒரு சம்பளத்தில் நாற்பது டாலர் கவுன் வாங்குவது கனவு. நம்மாள் அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஹாலை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளில் பெரியதை எடுத்து வெள்ளைக் காகிதம் ஒட்டினான். சாலட் டப்பாவின் வட்ட மூடியைக் கதவாக்கி, டேப்பில் கீல் வைத்தான். பாட்டில் மூடிகளைத் திருகு பொத்தான்களாக்கினான். கதவுக்குப் பின்னால் ஒரு தலையணை உறை, கம்பியில் இரண்டு குட்டி சாக்ஸ். வாஷிங் மெஷின்.

கொலம்பஸ் பக்கத்தில் பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய்க்குப் போக மாலை 6 முதல் 8 வரை என்று நேரம் வைத்திருப்பார்கள். குளிர் தாங்காமல் இளவரசிகள் எல்லோரும் கவுனுக்கு மேல் கோட்டு மாட்டி ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். வாஷிங் மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை. கோட்டு உள்ளே இருந்தது. வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து, குனிந்து அந்தக் குட்டிக் கதவையும் திறந்து, மிட்டாயை உள்ளே போட்டுவிட்டு, அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு மறுபடியும் போட்டார்கள். "மாமா, எனக்குத்தான் ஜாஸ்தி" என்று அது கத்திக்கொண்டே ஓட, நம்மாள் பின்னால் தலையணை உறை கிழியாமல் தாங்கிப் பிடித்தபடி ஓடினான். ஒருவரிடமும் விலை சொல்லவில்லை. பொத்தான்களுக்கு மேல் மினுக்கிக்கொண்டிருந்த பேட்டரி விளக்குச் சரம் மட்டும் டாலர் ட்ரீயில் அவனே போய், அவன் காசில் வாங்கியது.

மறுநாள் காலை கணக்கில் இருந்தது. 'விளக்கு: பொதுச் சேவை.' வரியோடு 1.34. என் பங்கு 34 சென்ட்.

அதைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த கையோடு, கிடப்பில் கிடந்த என் கணக்கையும் ஏற்றினேன். 'சென்னிமலைப் போர்வை, ஓட்டை 2', முழுத் தொகையும் அவன் தலையில். ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டான், நாலாகப் பிரித்து. சோபாவிலிருந்து குரல் மட்டும் வந்தது: "நாலு பேரும்தானேடா சிரிச்சோம்?"