வாளியின் மீள்வரவு: சென்னை அடுக்ககக் குளியலறைப் புதுப்பிப்பு குறித்த ஓர் ஆய்வு

சென்னையில் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அடுக்ககங்களின் குளியலறைகள் இப்போது ஒவ்வொன்றாக உடைத்துப் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. சுத்தியல் எடுக்குமுன் வடிவமைப்பாளர் கணினியில் வரைந்து காட்டும் முப்பரிமாணப் படத்தில் சாம்பல் நிறச் சுவர், கண்ணாடித் தடுப்பு, கூரையிலிருந்து இறங்கும் மழை ஷவர், சுவரிலேயே தொங்கும் வெஸ்டர்ன் கோப்பை ஆகிய யாவும் இருக்க, வாளி மட்டும் இருப்பதில்லை. பணி முடிந்து வீட்டார் குளிக்கத் தொடங்கிய சில நாள்களுக்குள், யாரும் வாங்கியதாக ஒப்புக்கொள்ளாத ஒரு வாளி அவ்வறையின் நடுவே நின்றுகொண்டிருக்கும். இந்நிகழ்வை ‘மீள்வரவு’ என்றும், அதற்கு முந்தைய குறுகிய காலத்தை ‘வாளியற்ற பருவம்’ என்றும் இவ்வாய்வு குறிக்கிறது. மீள்வரவை வீட்டாரின் பழக்கதோஷம் எனக் கருதுவது துறையின் பொதுக்கருத்து. அறையின் அளவுகள் அனைத்தும் வாளியிலிருந்தே பிறக்க வேண்டியவை என்பதும், அவ்வாறு பிறக்காதபோது வாளி அவற்றைத் தானே திருத்திக்கொள்கிறது என்பதும் இவ்வாய்வின் துணிபு.

வாளி எனப்படுவது ஏறத்தாழ 20 லிட்டர் கொள்வதும், உயரத்தில் ஓர் அடியைச் சற்றே தாண்டுவதும், பிடி உடைந்து கம்பி மட்டும் எஞ்சிய பின்னரும் பணியிலிருந்து ஓய்வு பெறாததுமான பிளாஸ்டிக் கலம். இதன்பால் கொள்ளும் நிலைப்பாட்டால் வீட்டார் மூவகைப்படுவர். வாளியே வேண்டாம் என்போர் மறுப்பாளர். வைத்துக்கொண்டு, விருந்தினர் வரும்போது பால்கனிக்குக் கடத்துவோர் மறைப்பாளர். கடைக்குப் போய் டைல்ஸ் நிறத்துக்குப் பொருத்தமாக ஒன்றைத் தேர்ந்து வாங்குவோர் ஏற்பாளர். மறுப்பாளர் நாளடைவில் மறைப்பாளராவர் என்பதில் ஐயமில்லை. மறைப்பாளர் ஏற்பாளராவதற்குத்தான் சற்று மனவுறுதி தேவைப்படுகிறது.

மறுப்பாளரின் கொள்கை முழுவதும் மழை ஷவரின் மீது எழுப்பப்பட்டது. அகன்ற தட்டிலிருந்து சீராகச் சொரியும் இக்கருவி விளம்பரத்தில் காட்டியபடி இயங்க ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் வேண்டும். நீரின் அழுத்தமோ பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்ற கணக்கிலேயே கூடும். மொட்டைமாடித் தொட்டிக்கும் மேல்தளத்து ஷவருக்கும் இடையிலுள்ள உயரம் மூன்று அல்லது நான்கு மீட்டரே ஆகையால், கீழ்த்தளத்தார்க்கு அடைமழையும் மேல்தளத்தார்க்குத் தூறலும் கிடைக்கின்றன. அழுத்த மோட்டார் பொருத்தி இக்குறையை நீக்கலாம் என்பது உண்மையே. எனினும் போர் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் கரைந்துள்ள கால்சிய, மெக்னீசிய உப்புகள் ஷவரின் நுண்துளைகளில் படிந்து அவற்றை ஒவ்வொன்றாக அடைக்க, எஞ்சிய துளைகளுள் சில சுவரையும் சில விளக்கையும் நோக்கிப் பீய்ச்சத் தொடங்கும்போது, மோட்டார் அத்திசைமாற்றத்துக்கு வேகம் சேர்ப்பதன்றி வேறெதுவும் செய்வதில்லை. இப்படிவு வினிகரில் கரையும். ஆகவே ஷவர் தட்டைக் கழற்றி வினிகர் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும் என்று ப்ளம்பர்கள் அறிவுறுத்துவர். அந்த அளவுள்ள தட்டை ஊறவைக்கத்தக்க பாத்திரம் வீட்டில் எது என்ற கேள்வி எழும் கணமே பல இல்லங்களில் மீள்வரவின் தொடக்கம் எனலாம்.

வாளியின் செயல்களுள் தலையாயது விளாவுதல், அதாவது கொதிநீரோடு குளிர்நீரைக் கலந்து உடல் தாங்கும் பதத்துக்குக் கொணர்தல். புதிய குளியலறையில் இப்பணி டைவர்ட்டர் என்னும், சுவருக்குள் புதைக்கப்பட்ட கருவியிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒற்றைக் கைப்பிடியைத் திருப்பி வெப்பத்தையும் அளவையும் ஒருசேர ஆள வேண்டியவர், கீசரின் வெந்நீர் வந்து சேரும்வரை பச்சைத் தண்ணீரிலும், வந்து சேர்ந்தபின் ஒரு நொடி கொதிநீரிலும் நின்றாக வேண்டும். வாளியிலோ தவறு முழுவதும் உடலுக்கு வெளியே நிகழ்ந்து, விரல் நுனியால் சோதிக்கப்பட்டு, திருத்தப்பட்ட பின்னரே தலைக்கு வருகிறது. சிக்கனத்திலும் நிலை இதுவே. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1172 என்னும் நெறிமுறை, ஒருவருக்கு ஒரு நாளைக்கான 135 லிட்டரில் குளியலுக்கு மட்டும் 55 லிட்டரை ஒதுக்குகிறது. அது மூன்று வாளிக்குச் சற்றுக் குறைவு. நிமிடத்துக்கு 9 லிட்டர் விடும் ஷவரில் அதே பங்கு ஆறு நிமிடத்தில் தீர்ந்துபோக, ஏழாம் நிமிடத்தில் குளிப்பவர் அண்டை வீட்டாரின் தண்ணீரில் குளிக்கிறார் என்றே கொள்ள வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது மறுப்பாளர் என்று ஒரு பிரிவே இந்நகரில் இல்லை. வறட்சியற்ற ஆண்டிலும் முகத்தில் சோப்புடன் நிற்பவருக்கும் மோட்டார் போட மறந்த காவலாளிக்கும் இடையே உள்ள ஒரே காப்பு, நிறைந்த வாளிதான்.

இனி அளவுகள். வாளியின் உயரம் பதினான்கு அங்குலம், நிமிர்த்திய கைப்பிடி அதற்கு மேல் ஆறு அங்குலம், பிடித்திருக்கும் கையின் முட்டிக்கு மூன்று அங்குலம், இடிபடாமல் இழுத்தெடுக்க ஓர் அங்குலம் எனக் கூட்டினால் குழாயின் உயரம் இருபத்துநான்கு அங்குலம், அதாவது இரண்டு அடி என்று பெறப்படும். இவ்வளவு கணக்குக்குப் பின் கிடைக்கும் இம்முடிவை ஊர்க் கொத்தனார்கள் எவ்விதக் கணக்குமின்றிச் சுவரில் பென்சிலால் குறித்துவிடுவது ஆய்வாளர்க்குச் சற்றே மனவருத்தம் தரக்கூடியது. படத்தின் அழகுக்காகக் குழாயை ஓரடிக்கு இறக்கும் வீடுகளில் வாளி சாய்த்து வைக்கப்பட்டுப் பாதி மட்டுமே நிறைகிறது. மேலும், நீர் வெளியேறும் நாணி ட்ராப் குழாய்க்கு நேர்கீழே அமைந்துவிட்டால், வாளி அதன் சல்லடை மீதே அமர்ந்து வடிகாலை மூடிக்கொள்ள, சாய்தளம் கொத்தனார் கற்பித்தபடி நீரை அங்கே கொண்டுவந்து சேர்க்க, குளிப்பவர் கணுக்கால் ஆழத்தில் நின்று வடிவமைப்பைச் சிந்திக்கிறார். ட்ராப்பை ஓர் அடி தள்ளி மூலையில் வைத்தால் இச்சிந்தனைக்கு இடமில்லை.

ஈரப்பகுதியையும் உலர்பகுதியையும் பிரிக்கும் கண்ணாடித் தடுப்பு மூன்றடிக்கு மூன்றடி இடத்தையே குளிப்பவர்க்கு விடுகிறது. ஷவரில் அசையாது நிற்பவருக்கு அது போதும். ஸ்டூலில் அமர்ந்து மக்கால் மொண்டு முதுகுக்கு ஊற்றுபவரின் முழங்கைக்கும், அவரருகே இடம் கோரும் வாளிக்கும் அது போதாது. கண்ணாடியிலோ உப்புப் புள்ளிகள் படிகின்றன. குளித்தவுடன் வைப்பரால் இழுத்துவிட்டால் அவை படியா, ஆனால் குளித்து முடித்த மனிதர் உடனே மீண்டும் வேலை செய்வார் என்னும் அனுமானத்தின் மீது எந்தக் கட்டடக் கலையும் நிலைத்ததில்லை. டைல்ஸைப் பற்றி ஒரு சொல் போதும்: குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் பளபளப்பான பலகைகளைச் சுவருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தரைக்குச் சொரசொரப்பானதையே தேர வேண்டும். தீபாவளி விடியலில் நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்து ஓடும் தரையைக் கருத்தில் கொள்ளாத வடிவமைப்பு, எலும்பு முறிவு மருத்துவர்க்கே பயன்படும்.

தரைக்கு அடியிலுள்ளது இன்னும் கடுமையானது. கழிவுக் குழாய்களுக்காகக் குளியலறைத் தளம் மற்ற அறைகளைவிட ஏறத்தாழ ஓரடி தாழ்த்தி வார்க்கப்படுகிறது. இப்பள்ளத்தில் செங்கல் சல்லி நிரப்புவதற்கு முன் நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, இரண்டு நாள் தண்ணீர் கட்டிவைத்துச் சோதிக்க வேண்டும். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியோர் 4,000 ஆண்டுகளுக்கும் முன்பே அதற்கு நிலக்கீல் பூசினர். அவர்களுக்குக் கீழ்வீட்டார் என ஒருவர் இல்லாதபோதே அவ்வளவு எச்சரிக்கை. இன்று அச்சோதனையைத் தவிர்ப்பவர்க்கு அதைக் கீழ்வீட்டார் தம் கூரையில் இலவசமாக நடத்தி, முடிவுகளை அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் உரக்க வாசிப்பர்.

எஞ்சியிருப்பது மக்கின் இருப்பிடம். நிறைந்த வாளியில் மிதக்கவிடுவோர் மிதப்புக் கட்சியினர். திறந்த குழாயின் கீழ் மக் நிரம்பி மூழ்கிவிடுவதால் இவர்கள் முழங்கைவரை நனைந்தே அதை மீட்கின்றனர். வாளியின் விளிம்பில் கைப்பிடியை மாட்டுவோர் விளிம்புக் கட்சியினர். வாளியை நகர்த்தும்தோறும் மக் விழுந்து எழுப்பும் ஓசையால் இவர்கள் விடியற்காலையில் குளிப்பதை வீடே அறியும். குழாயின் மூக்கிலேயே மக்கைத் தொங்கவிடும் மூன்றாம் கட்சி ஒருகாலத்தில் வலிமையுடன் விளங்கியது. புதுப்பாணிக் குழாய்கள் மூக்கு மழுங்கித் தட்டையாக வரத் தொடங்கியதும் மக் வழுக்கி விழ, அக்கட்சியினர் மற்ற இரண்டில் கரைந்துவிட்டனர். சுவரில் ஒரு கொக்கி அடித்தால் வழக்கு தீரும் என்று நடுநிலையாளர் சிலர் யோசனை கூறியுள்ளனர். ஆனால் புது டைல்ஸில் துளையிட எந்த வீட்டாரும் இசைவதில்லை. இசைந்தாலும், அந்த இடத்தில் சுவருக்குள் வெந்நீர்க் குழாய் செல்கிறதா என்பதைச் சொல்ல வேண்டிய ப்ளம்பர் அதற்குள் வேறோர் அடுக்ககத்தில் மழை ஷவர் பொருத்திக்கொண்டிருப்பார்.