ஹீலியத்துக்கு ஒரு மறுபதிப்பு

அறை வெப்பநிலையிலேயே அணுக்கருக்களைப் பிணைக்கலாம் என்ற குளிர் அணுப்பிணைவுக்கு முன்னோடி தேடிப் புறப்படுகிறவர்கள் கடைசியில் 1926-ஆம் ஆண்டு பெர்லினில் போய் நிற்பார்கள். அங்கே ஃப்ரிட்ஸ் பானெத், கர்ட் பீட்டர்ஸ் என்ற இரு வேதியியலர்கள், பல்லேடியம் உலோகத்தின் உதவியால் ஹைட்ரஜன் ஹீலியமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். தன் கனஅளவைப்போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜனைக் குடிக்கும் உலோகம் அது. அவ்வளவு குடித்தால் என்னதான் நடக்காது?

மறு ஆண்டே பானெத் பின்வாங்கினார். கிடைத்த ஹீலியம் புதிதாகப் பிறந்ததல்ல. சூடான கண்ணாடியிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தது. அதை அவரே அச்சில் ஒப்புக்கொண்டார்.

இதற்கிடையில் ஸ்வீடனில் ஜான் டாண்ட்பெர்க் இதே வழியில் ஹீலியமும் ஆற்றலும் எடுக்கக் காப்புரிமை கேட்டார். அவர் வேலை பார்த்தது எலெக்ட்ரோலக்ஸில், ஆம், குளிர்பதனப் பெட்டி செய்பவர்களிடம். குளிர் பிணைவுக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி ஏது? காப்புரிமை அலுவலகத்துக்கு அந்த நகைச்சுவை எட்டவில்லை, விண்ணப்பம் தள்ளுபடி.

1989 மார்ச் 23 அன்று யூட்டாவில் ஃப்ளைஷ்மன், பான்ஸ் என்ற இரு வேதியியலர்கள் குளிர் அணுப்பிணைவைச் சாதித்துவிட்டதாக அறிவிக்கப் பத்திரிகையாளர்களைக் கூட்டிய பிறகு, பானெத்துக்கு மறுபிறவி. தூசி தட்டப்பட்டதென்னவோ பெரும்பாலும் 1926-தான். 1927-ஐயும் சேர்த்துத் தைத்தால் கூடுதலாகச் சில பக்கங்கள். காகித விலையைப் பார்க்க வேண்டாமா?