செல்போன் தோற்றது, குப்பைத்தொட்டி ஜெயித்தது

சீனாக்காரரிடம் சரக்கு விற்பது எப்படி என்று பாடம் எடுக்கும் ஆலோசகர்கள் ஒருமுறை எங்கள் கோவில்பதாகைப் பக்கம் வரலாம். இங்கே செல்போன் கடை போர்டில் முதலாளி பெயர் கடுகளவு, சீன விவோ பூசணியளவு. தவணையில் வாங்கினால் டெம்பர் கிளாஸ் இலவசம். சீனர்கள் நம் நாடி பார்த்துத்தான் விற்கிறார்கள்.

நாம் என்ன செய்தோம்? 2019 செப்டம்பரில் ‘2.0’ படத்தைச் சீனாவில் இறக்கினோம். செல்போன்கள் பறந்து வந்து ஆளைக் கொல்லும் கதை. அதுவும் உலகத்துக்கே செல்போன் செய்து அனுப்புகிற தேசத்தில்! 500 கோடிக்கு மேல் செலவழித்த படம், சூப்பர் ஸ்டாரும் ரோபோவும் இருந்தும் படுத்துவிட்டது.

2024 நவம்பர் 29 அன்று ‘மகாராஜா’ போனது. சலூன் வைத்திருக்கும் அப்பா, ஒரு மகள், காணாமல் போன குப்பைத்தொட்டி. ரோபோ கிடையாது, வெளிநாட்டு டூயட் கிடையாது. வசூல் 90 கோடி ரூபாயை ஒட்டி வந்ததாகச் செய்தி. 2017-இல் அங்கே ‘தங்கல்’ கொட்டிய கோடிகளும் அப்பா, மகள் கணக்கில் வந்தவைதான்.

ஆக, சீனாவில் விலைபோகிற நம்மூர்ச் சரக்கு இப்போதைக்கு அப்பா மட்டுமே. தயாரிப்பாளர்கள் ரோபோவை ஷெட்டில் விட்டுவிடலாம்.