பிடிவாதம்: மடங்காக் கத்தி குறித்து ஓர் ஆய்வு

மடங்காக் கத்தி என்பது யாது? அலகு பிடிக்குள் ஒடுங்காது, எந்நேரமும் நீட்டியபடியே இருந்து, உறை ஒன்றினாலேயே அடக்கத்தக்க கத்தி என்க. காட்டில் கூடாரமடிப்போர் இடுப்பில் தொங்குவது இதுவே. மடக்குக் கத்தி போதாதோ எனின், போதாது. அதன் கீலில் மண் புகும், மீன் செதில் புகும்; விறகு பிளக்கையில் முதலில் விடைபெறுவதும் கீலே. இதுவரை அறிஞரிடையே கருத்து வேற்றுமை இல்லை. இதற்கு மேல் ஒற்றுமை இல்லை.

எதை வாங்குவது, வாங்கியதை என்ன செய்வது என்னும் இரு வினாக்களால் இத்துறை பல சமயங்களாகப் பிரிந்து கிடக்கிறது. அருணந்தி சிவாச்சாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என வகுத்து, பிறர் கொள்கையை மறுத்த பின்னரே தம் கொள்கையை நிறுவினார். இங்கும் அம்முறையே கொள்ளப்படும். பிறரை மறுப்பது இன்பம் தருவது என்பது துணைக் காரணம்.

முதற்கண் நீளவாதிகள். 1827-இல் மிசிசிப்பி ஆற்றின் மணல் திட்டொன்றில் நடந்த கைகலப்பில் ஜிம் போவி என்பவர் பெரிய கத்தியோடு புகழ்பெற்றார். அன்று தொடங்கியது இச்சமயம். கரடி வந்தால் என்ன செய்வீர் என்பதே இவர்களின் மூல மந்திரம். கரடி வந்தால் கத்தியின் நீளத்தைவிட ஓடுபவரின் காலின் நீளமே ஆராயத்தக்கது என்று மறுக்க. 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1884-இல் வெளியிட்ட 'வுட்கிராஃப்ட்' நூலில் இத்தகைய பெருங்கத்திகளை நையாண்டி செய்து, மெல்லிய சிறு கத்தியே போதும் என்றார். (அவரிடம் ஒரு கைக்கோடரியும் இருந்தது. சிறுகத்திச் சமயத்தார் இதை மேற்கோள் காட்டுவதில்லை.) கனடாவின் மோர்ஸ் கோசான்ஸ்கி, அலகின் நீளம் உள்ளங்கை அகலம் இருந்தாலே காட்டு வேலைக்கு ஆகும் என்று கற்பித்தார். இந்திய ஆயுத விதிகளும் சிறுகத்திக்கே சான்று பகர்கின்றன. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்டாலோ, 2 அங்குலத்துக்கு மேல் அகன்றாலோ, அது வீட்டுக்கோ வேளாண்மைக்கோ ஆய்வுக்கோ தொழிலுக்கோ செய்யப்பட்டதல்ல எனில், ஆயுதப் பட்டியலில் சேரும். கரடியை ஒருவாறு வெல்லலாம். காவல் நிலைய எழுத்தரை வெல்லுதல் அரிது.

அடுத்து உருக்குவாதிகள். இவர்களுள் கரிவாதி, துருவிலி என இரு கிளை. கரிவாதி 1095 என்ற எண்ணை உச்சரிப்பார். அதில் கரி ஏறத்தாழ 0.95 விழுக்காடு. துருவிலி 12சி27 என்பார். அதில் குரோமியம் 13 விழுக்காட்டுக்கு மேல். முன்னது எளிதில் கூராகும், எளிதில் துருவேறும். பின்னது ஈரத்தைப் பொறுக்கும். உண்மையான வேறுபாடு இவ்வளவே. கரிவாதி புதுக்கத்திக்கு வினிகர் பூசிச் சாம்பல் நிறமாக்கித் தாத்தா காலத்துக் கத்திபோல் ஆக்குவார். புளியும் எலுமிச்சையும் அறுத்தால் அந்நிறம் தானே வரும் என்று சொன்னால் முகம் வாடுவார்; அறுக்கும் வேலை அவரிடம் இல்லை. எந்த உருக்காயினும் சூடேற்றித் தோய்க்கும் பதம் தவறினால் தகரத்தோடு ஒக்கும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு ஊரெல்லாம் பேர் இருக்கிறது. நம் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையில் அரிவாள் அடிக்கிறார்கள். பட்டையின் எண் என்ன என்று கேட்டு வாங்கியவர் எவருமில்லை. கடலோரத்தார் துருவிலி கொள்க. ஏனையோர் எதுவும் கொள்க, துடைத்து வைக்க.

மூன்றாமவர் அலங்காரவாதிகள். அலகில் பெயர் பொறிப்பர், தோலுறையைக் கழித்து விமானத்தின் உட்புறத்துக்குப் பயன்பட்ட கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கில் உறை வார்ப்பர், பிடிக்குப் பாராசூட் கயிறு சுற்றுவர். கயிறு 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ தாங்கும். காட்டில் வழி தவறினால் அதைப் பிரித்து உள்ளிழைகளால் வலை பின்னி மீன் பிடிக்கலாம் என்பது இவர்தம் துணிபு. பிரித்தபின் கத்திக்குப் பிடி எங்கே என்று கேட்டால் விடையில்லை. பிடித்த மீனை எதைப் பற்றி அறுப்பது என்பது அதனினும் பெரிய வினா. இச்சமயத்தில் ஒப்பத்தக்க செய்கை ஒன்றே: அலகின் முதுகை அரத்தால் ராவிச் செங்கோண விளிம்பாக்குதல். அவ்விளிம்பு தீப்பொறிக் கம்பியை நன்றாகச் சுரண்டும், வாய் மழுங்காது.

இனிச் சுபக்கம். யாம் பிடிவாதிகள். கத்தி என்பது பிடியே. அலகு அதன் நீட்சி. என்னை? அலகு மழுங்கினால் சாணைக்கல் உண்டு. உள்ளங்கை கொப்புளித்தால் அதற்குக் கல் இல்லை. அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. விரல் பள்ளங்கள் வெட்டிய பிடி, செய்தவன் விரலுக்கே பொருந்தும். நல்ல பிடி வழுவழுப்பான பீப்பாய் வடிவில் நடுவில் சற்றே பருத்திருக்கும். குறுக்குவெட்டு வட்டமாகாமல் நீள்வட்டமாக இருந்தால், இருட்டிலும் வாய் எப்பக்கம் என்று கை அறியும். பின்லாந்தின் புக்கோ இவ்விலக்கணத்துக்கு இலக்கியம். பிர்ச் மரத்திலோ, அதன் பட்டையை வில்லை வில்லையாக அடுக்கியோ பிடி செய்வர். பனியிலும் அது கையைச் சுடுவதில்லை, ஈரத்தில் நழுவுவதில்லை. சுவீடனின் மோரா ஊரை அடுத்த ஓஸ்ட்நூரில் 1891-இல் தொடங்கிய பட்டறையின் வழிவந்த சிவப்பு மரப்பிடிக் கத்தி மலிவானது. அலங்காரவாதி அதைக் கண்டு உதட்டைப் பிதுக்குவார். பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருக்கும் இளநீர்க்காரரைக் கண்டால் யாம் நின்று வணங்குவோம்.

ஆகவே வாசகர் செய்யத்தக்கது. கடையில் கத்தியை உறையிலிருந்து உருவுமுன் பிடியைப் பற்றிப் பாருங்கள். மரப்பிடியே வாங்குங்கள், செதுக்க இடம் தரும். வீட்டுக்கு வந்ததும் வேப்பங்கிளை ஒன்றை எடுத்து அரைமணி நேரம் நிறுத்தாமல் சீவுங்கள். உள்ளங்கையில் எங்கே சிவக்கிறதோ, பிடியில் அதற்கு நேரான இடத்தில் மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். முதலில் 120 எண் தாள், பிறகு 400. அவசரம் வேண்டாம்: தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. சிவப்பு தோன்றாத வரை சீவுவதும் தேய்ப்பதுமாகத் தொடருங்கள்.

பிறகு ஆளிவிதை எண்ணெயை மெல்லப் பூசிக் காயவிடுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணியில் அது சேர்ந்து தானே தீப்பற்றும். காட்டில் எவ்வளவு சுரண்டியும் பற்றாத நெருப்பு வீட்டில் கேளாமலே பற்றும் இடம் இதுவே. துணியை நீரில் நனைத்து, வெட்டவெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.